வியெந்தோ என்றால் எந்தக் காற்று?

மார்த்தா அம்மாவின் மூக்கில் குழாய். வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். குடலில் அறுவை நடந்து அன்று ஐந்தாம் நாள். ஜன்னலுக்கு வெளியே தென்மேற்குக் காற்று, கார் நிறுத்துமிடத்து மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிலருகே போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வாழ்நாளின் முதல் ஸ்பானிய மருத்துவக் கேள்வியைக் கேட்டேன்.

"வியெந்தோ?"

வியெந்தோ என்றால் காற்று. அறுவை முடிந்தவரிடம் நர்ஸ் விசாரிக்கிற காற்று எது என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். போகாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்: பின்வழியாகப் போகிற காற்று.

அவர் கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தார். கையைத் தூக்கி அந்தரத்தில் இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார்.

"சீ, சீ. முச்சோ."

ஸ்பானிய மொழியில் சீ என்றால் ஆமாம். முச்சோ என்றால் நிறைய. இதே கேள்வியை ஓர் ஆண் நர்ஸ் எங்கள் ஊர் அம்மா ஒருவரிடம் கேட்டிருந்தால் அவரும் சீ என்றுதான் சொல்லியிருப்பார், வேறு அர்த்தத்தில். முகத்தையும் இப்படித்தான் திருப்பிக்கொண்டிருப்பார். எந்த நாட்டுத் தாய்மாருக்கும் வெட்கம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கை சுற்றியதை வயிற்றுக்குள் நடக்கிற உருட்டல் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். லேசாக ஏதோ ஓசை வந்த மாதிரியும் இருந்தது.

அவருடைய குறிப்பில் எழுதினேன்: காற்று பிரிந்தது, நன்றாகவே. கீழே நேரம், என் பெயர்.

காத்துக்குக் காத்திருந்தவர்கள்

குடலில் கத்தி பட்டால் அது கோபித்துக்கொண்டு சில நாள் தூங்கிவிடும். அது தூங்குகிறவரை உள்ளே போனது எதுவும் கீழே இறங்காது. தேங்கும், பிறகு வந்த வழியே திரும்பி வரும். அதற்காகத்தான் மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய். குடல் விழித்துக்கொண்டதற்கு முக்கியமான அடையாளம் காற்று. காற்று பிரிந்தால் குழாயை எடுக்கலாம், சூப் கொடுக்கலாம், வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசலாம்.

நான் நர்சிங் படித்தது நாகர்கோவில் பக்கத்தில். அங்கே இந்தக் காற்று ஒரு குடும்ப நிகழ்ச்சி. வராந்தாவில் சித்தப்பா, மாமா, மருமகன் என்று ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கொரு தரம் யாராவது எட்டிப்பார்த்து, "காத்து பிரிஞ்சுதா?" என்பார்கள். பிரிந்துவிட்டது என்ற செய்தி போனதும் குழந்தை பிறந்த மாதிரி ஒரு கலகலப்பு. ஒருமுறை ஒரு மருமகன் சந்தோஷத்தில் வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குக் காரணமான மாமியார் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார்.

ஆக்லாந்துக்கு வந்தபோது இங்கேயும் அதே சொல் என்று கண்டு ஆறுதலாக இருந்தது. "விண்ட் போனதா?" என்றுதான் ஆங்கிலத்திலும் கேட்கிறார்கள். எங்கள் வார்டின் தலைமை நர்ஸ் வசந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், அவர் தமிழ் நோயாளிகளிடம், "காத்துப் பறிஞ்சதோ?" என்பார். பிரிவதோ பறிவதோ, காற்று காற்றுதான். தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போய்விட்டன. மூன்றாவது மொழி மட்டும் ஏன் முரண்டு பிடிக்கப் போகிறது? இரண்டு சாட்சியை விசாரித்து முடித்த நீதிபதி மாதிரி நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பஸ்ஸில் படித்த பாஷை

மார்த்தா அம்மா சிலி நாட்டுக்காரர். அறுபது தாண்டியவர். மகன் தியேகோ பாட்டனி டவுன்ஸில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்க வந்த இடத்தில் மூன்றாவது வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது தேங்க்யூ ஒன்றுதான். தியேகோ கடை முடிந்து மாலையில் வருவார், ஒரு மணி நேரம் இருப்பார். மற்ற நேரமெல்லாம் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

இப்படிப்பட்டவர்களுக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். கூப்பிட்டுத்தான் பேச வேண்டும் என்பது விதி. கூப்பிட்டால் சிலநேரம் உடனே வருவார்கள், சிலநேரம் கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். அன்று காலை எனக்கு இரண்டு புது நோயாளிகள். அவசரம் ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை.

நாங்கள் குடியிருக்கிற லின்ஃபீல்டில் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி வரும்வரை சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். போனில் பாஷை சொல்லித்தருகிற செயலி ஒன்றை இறக்கி, மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பூனை, ஆப்பிள், என் மாமா உயரமானவர், இன்று காற்று அடிக்கிறது. ஏதாவது நல்லதாகப் படியேன் என்று என் மனைவி சுஜா தலையில் அடித்துக்கொண்டாள். பாடங்களைச் சின்ன நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அங்கேயே முதல் வழுக்கல். ந் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வந்தால் நம் த இளகிவிடும். பந்து, சந்தை, வியெந்தோ. ஸ்பானியக்காரர்கள் அந்த த-வை முத்து என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்வார்கள். இளக்கிச் சொன்னால் அது வேறு சொல். பார்த்துக்கொண்டிருப்பது என்று அர்த்தமாம். ஆக, நான் ஒழுங்காகக் காற்றைக்கூடக் கேட்கவில்லை.

ஒரு தாய் பிள்ளைகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில மாதம் இந்தச் சொல்லின் பூர்வீகத்தை நோண்டிக்கொண்டிருந்தேன். புண்ணை நோண்டுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

லத்தீனில் வென்துஸ் என்று ஒரு தாய். அவள் பிள்ளைகள் ஐரோப்பா முழுக்க இருக்கிறார்கள். ஸ்பெயினில் வியெந்தோ. இத்தாலியில் வென்தோ. போர்ச்சுக்கீசியர் எழுதுவதும் அதேதான். ஆனால் கடைசியை விழுங்கிச் சொல்வதால் தமிழ்க் காதுக்கு வெந்து என்று விழும், உருளைக்கிழங்கு வெந்துவிட்டது என்கிற மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் வென்ட் என்று எழுதிவிட்டு, பாதியை மூக்குக்குக் கொடுத்து, வாங் என்பது போல ஏதோ சொல்கிறார்கள். நாம் மாலையில் கடற்கரைக்குப் போய் வாங்குவதும் காற்றைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. ருமேனியர்களின் சொல் ஆங்கில விண்ட் பக்கமாகச் சாய்கிறது. அந்த விண்டும் இவர்களுக்கு ஒன்றுவிட்ட உறவாம். சம்ஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்து மூட்டு மூட்டாக உட்கார்ந்துகொண்ட வாதமும் அந்தக் குடும்பம்தானாம். காற்று மட்டும் அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத தமிழ்ப் பிள்ளை.

ஸ்பானிய மொழியில் ஜன்னலுக்கு வெந்தானா என்று பெயர். அதற்குள்ளும் காற்றுதான் இருக்கிறது. நம்முடைய ஜன்னல் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கியது. அதில் காற்று இல்லை, லத்தீன் கதவுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் காலதர் என்று ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சொந்த வீட்டுச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியிலிருந்து வாங்கிவந்து மாட்டியிருக்கிறோம்.

இதெல்லாம் தெரிந்து என்ன லாபம்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சாதாரண ஸ்பானியப் பேச்சில் வயிற்றுக் காற்றுக்கு வியெந்தோ என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு காசெஸ் என்று தனிச்சொல். மருத்துவப் புத்தகங்களில் வியெந்தோவின் உறவுக்காரச் சொல் ஒன்று அந்த அர்த்தத்தில் உண்டுதான். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மரத்தை ஆட்டுகிற காற்று வேறு, குடலை உருட்டுகிற காற்று வேறு என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் டயரில் இறங்குவது, பேயாய்ப் பிடிப்பது, ஆளில்லாத கடை வாங்குவது எல்லாவற்றையும் ஒரே காத்தாக வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம்.

திறந்து பார்த்துவிடலாம்

என் குறிப்பை நம்பி அன்று மதியமே குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலை சூப் கொடுத்தார்கள். மார்த்தா அம்மா குடித்தார். மதியத்துக்குள் வயிறு மேளமாகிவிட்டது. பச்சையாக வாந்தி எடுத்தார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி குழாய் போட வேண்டும் என்று சைகையில் காட்டியதும் அவர் அழுதார். அழ அழத்தான் போட்டோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல் வீங்கியிருந்தது, தூக்கமா அடைப்பா என்று படத்தில் திட்டமாகத் தெரியவில்லை. அறுவை மருத்துவர் கணினியில் என் குறிப்பைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தார். நெடுநெடுவென்று உயரமான பெண்மணி, அதிகம் பேசமாட்டார். "நேற்று நன்றாகக் காற்று போயிருக்கிறது. இன்று நின்றுவிட்டது. அப்படியென்றால் புதிதாக எங்கோ மடங்கியிருக்கிறது. திறந்து பார்த்துவிடலாம்." மாலையில் அறுவைக்கூடத்தில் இடம் கேட்டாயிற்று. தியேகோவுக்குப் போன் போனது. அவர் கடையை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

தயார்ப்படுத்துவதற்காக நான் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். "கடைசியாக எப்போது காற்று பிரிந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள்." தியேகோ கேட்டார். அவர் பேச்சில் காசெஸ் என்று ஒரு சொல் வந்தது. மார்த்தா அம்மா தலையை அசைத்து ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"ஆபரேஷனுக்குப் பிறகு ஒருமுறைகூட இல்லையாம்," என்றார் தியேகோ.

"நேற்றுக் காலை நிறைய என்று சொன்னாரே. நான் வியெந்தோ என்று கேட்டேன். முச்சோ என்றார்."

தியேகோ என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார். "வியெந்தோ என்றால் அது." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், சிரிக்கக்கூடிய நேரம் இல்லைதான், ஆனால் வந்துவிட்டது.

ஒரு வரி

அந்த இடத்திலிருந்து தாதியர் மேசைக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியில் என் மனசு போட்ட கணக்கை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. இங்கேயே தங்குவதற்கான எங்கள் ரெசிடென்ஸ் விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. என் வேலை விசா இந்த ஆஸ்பத்திரியோடு கட்டப்பட்டது. விதியை மீறி, தெரியாத மொழியில் கேட்டு, நடக்காததை நடந்ததாக எழுதியவன் நான். 'நோயாளி நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறார்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பழி அவர்மேல் போய்விடும். ஆனால் அந்த வரியைப் படித்தால் மருத்துவர் இன்னும் வேகமாகத்தான் கத்தியை எடுப்பார். குழம்பிப்போன நோயாளி என்று நினைத்து, என் நேற்றைய குறிப்பையே நம்புவார்.

வசந்தி அக்கா என் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி?"

"மார்த்தா அம்மாவுக்குக் காத்தே பிரியலயாம் அக்கா."

"நேற்றுப் பறிஞ்சதெண்டு நீர்தானே எழுதினனீர். அவவிட்ட என்னெண்டு கேட்டனீர்?"

"வியெந்தோன்னு. காத்துன்னு அர்த்தம்."

"எந்தக் காத்து?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மொழிபெயர்க்கிற ஆக்களுக்கு டெலிபோன் எடுக்கேல்லையோ?"

"இல்லக்கா."

"சரி. இஞ்ச நிண்டு என்னோட கதைச்சு என்ன? டொக்டர் இன்னும் போகேல்லை. ஓடிப்போய்ச் சொல்லும். உள்ளதை உள்ளபடி சொல்லும்."

மருத்துவர் லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். சொன்னேன். செயலி, பஸ், ஜன்னல், முகம் திருப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போயிற்று.

"அப்படியானால் ஆறு நாளாக ஒருதரம்கூடக் காற்று போனதே இல்லை."

"இல்லை."

"நின்றுபோகவில்லை. தொடங்கவே இல்லை. குடல் இன்னும் தூங்குகிறது போல." அவர் போனை எடுத்தார். மாலை இடம் வேண்டாம், நாளைவரை பார்க்கலாம் என்றார். என்னிடம், "பிழைப் படிவம் எழுதுங்கள். அந்த வரியை அழிக்காதீர்கள், கீழே திருத்தம் போடுங்கள்," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். திறக்கவில்லை. இரண்டு நாள் குழாயோடு காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை, நாலு கட்டில் அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சத்தம் கேட்டது. எந்த மொழியும் தேவைப்படவில்லை. எதிர்க் கட்டில் சீனத் தாத்தா கை தட்டினார். எனக்கு விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை தப்பியது. ஆனால் என்னிடம் தங்கிப்போனது இதெல்லாம் இல்லை. அறுவையைத் தள்ளிவைத்த அந்த மாலை நடந்ததுதான்.

ஆமாம்

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வசந்தி அக்காவிடம் சொன்னேன். தியேகோ இருக்கிறாரே, அவரை வைத்துச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டேன்.

"மகனை வைச்சுச் சொல்லாதேயும். அவன் தாய்க்கு நோகாமல் மாத்திச் சொல்லுவான். டெலிபோனை எடும்."

எடுத்தேன். பாட்டுக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண். போனை ஒலிபெருக்கியில் போட்டுப் போர்வைமேல் வைத்தேன். அவர்கள் தொழில் வழக்கப்படி யார் பேசினாலும் நான் என்றே சொல்வார்கள். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. நான் நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது, குழாய் இரண்டாம் முறை போட்டது என்னால், நீங்கள் புகார் கொடுக்கலாம் என்றேன். மார்த்தா அம்மா போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். போர்வைமேலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கேள்வி எனக்கு வினோதமாகத்தான் இருந்தது. மூக்கில் குழாயோடு கிடக்கிறவளிடம் இந்தப் பையன் ஏன் காற்றடிக்கிறதா என்று கேட்கிறான் என்று யோசித்தேன். ஆனால் பகலெல்லாம் என்னிடம் யாரும் என் பாஷையில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நீ பேசினாய். அன்று நீ எதைக் கேட்டிருந்தாலும் நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்."

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் மொழிபெயர்ப்பாளர், இப்போது தன் சொந்தக் குரலில்.

இருந்தது. ஆறு நாளாகத் தினமும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள் அவரிடம் ஆங்கிலத்தில், வலி பரவாயில்லையா என்று கேட்டிருந்தோம். அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்துத் தலையாட்டியிருந்தார். பரவாயில்லை என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தோம். பாதிக்கு மேல் என் கையெழுத்து.

"வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்," என்றேன்.

மார்த்தா அம்மா பதில் சொல்லத் தொடங்கினார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.